முதல் சல்லடை

புல்மோட்டைக் கடல் கறுப்பாய்க் கொண்டுவந்து கொட்டுவதை
நாங்கள் பிரிக்கிறோம்.
சுருள்வழியில் தண்ணீரோடு இறங்கும்போதே
கனமானது உள்வளைவுக்கு ஒதுங்கும்,
வெறும் மணல் வெளியே ஓடிவிடும்.
காயவைத்துக் காந்தத்தின் கீழ் விட்டால்
இல்மனைட் தாவி ஒட்டும்.
பிறகு மின்னுருளை:
ரூட்டைல் மின்சாரம் கடத்தும், எகிறித் தள்ளி விழும்.
சிர்க்கோன் கடத்தாது,
தூரிகை வழிக்கும்வரை உருளையைக் கட்டிக்கொண்டு சுற்றும்.

நோன்புக்கு முந்தின கிழமை
கம்பனி வேலிக்கு அந்தப்புறம், கரையில்
றிஸ்மியாவின் தோடு ஒன்று கழன்றது.
அவள் அழவில்லை.
மற்றதையும் கழற்றிக் கடைத் தராசில் வைத்தாள்.
மகனுக்குச் சப்பாத்து வந்தது.
மூன்றாம் நாள் அந்த மணலை
லோடர் அள்ளிற்று.

பொன் காந்தத்துக்கு மசியாது; மின்சாரம் கடத்தும்.
வந்தால் ரூட்டைல் பக்கமே வரவேண்டும் என்று
ஏழு இரவு, ஷிப்ட் முடிய,
அந்தத் தொட்டிக்குள் டோர்ச் அடித்தேன்.
எட்டாம் இரவு ஃபிட்டர் தவமணி கண்டுவிட்டார்:
"விசரா, தோடு முதல் சல்லடையைத் தாண்டுமா?"

பதினைந்து வருடச் சர்வீஸ்.
முதல் சல்லடையை மறந்திருக்கிறேன்.

இப்போது கழிவுக்குவியலில் நிற்கிறேன்.
சிப்பி, வலைத்துண்டு, இடக்கால் செருப்பு,
சோடா மூடி, இன்னும் சிப்பி.
இதைப் பிரிக்க இங்கே மெசின் இல்லை,
விரல்தான்.
ஃபோன் அடிக்கிறது.
"ரொட்டி ஆறிப் போகுது, என்ன செய்றீங்க?"
மணல் பிரிக்கிறேன் என்கிறேன்.
பொய்யில்லை.