பதினேழாம் எண்

ஜனவரி மூன்றாம் தேதி காலை ஒன்பதுக்கு
முன்பதிவு திறக்கும்.
ஒன்பது மணி நாலு நிமிடத்தில்
ஜூலை தீர்ந்துவிடும்.

ஸ்காட்லாந்து முடிந்து கடல் தொடங்குகிற மேட்டில்
முப்பத்திரண்டு கூடாரங்களுக்கு இடம்.
பேருந்து ஜன்னல் வழியே துண்டு போடுவது போல
எங்கெங்கிருந்தோ யார் யாரோ
என் புல்லின் மேல் பெயரை வீசுகிறார்கள்.
புல் அப்போது உறைபனியில் விறைத்துக் கிடக்கும்.

பிரெஸ்டனிலிருந்து திருமதி ஹெஸ்கெத்,
ஒன்பது ஆண்டுகளாகப் பதினேழாம் எண்.
குழாய்க்கு நாற்பது எட்டு,
கழிப்பறைக்கு அறுபது,
தெற்குக் காற்றைப் பாறை தடுக்கும்.
"வானம் எப்படியோ போகட்டும்,
இடம் இருக்கிறதல்லவா" என்பார்.
நான் சிரிக்க மாட்டேன்.
பின்னிருக்கையில் மூன்று பிள்ளைகள் தூங்க,
கார் வெளிச்சத்தில் 'இடமில்லை' என்று படித்தவருக்கே தெரியும்
அந்த வார்த்தையின் எடை.

ஆனால்
ஜனவரியில் பதிவு செய்பவர் ஒருவர்,
ஜூலையில் வந்து இறங்குபவர் வேறொருவர்.
போன வருடம் நான்காம் எண்ணுக்கு
காதலர்களாகப் பதிவு செய்த இருவர்
ஆளுக்கொரு கூடாரத்தோடு வந்தார்கள்.
"பணம் திரும்பாதாம்" என்றாள் அவள்.
அவன் தேவைக்கு மேல் ஓங்கி
முளை அடித்துக்கொண்டிருந்தான்.
மூன்றாம் நாள் மழையில் ஒரு கூடாரம் ஒழுகியது.
அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

என் கணவன் ருவரி எதிர்க்கட்சி.
போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பவன்.
எங்கள் தேனிலவின் முதல் இரவில்
ஆறு முகாம்கள் கைவிரித்தன.
கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் காருக்குள் படுத்தோம்.
கண்ணாடியை இறக்கினால் கடிப்பூச்சி,
ஏற்றினால் மூச்சுமுட்டல்.
விடியும்போது, கைக்கெட்டும் தூரத்தில்,
நீர்நாய் ஒன்று நண்டை உடைத்துத் தின்றுகொண்டிருந்தது.
"பார்த்தாயா?" என்றான்,
தானே அதற்குச் சொல்லி அனுப்பியது போல.
முப்பது வருடமாக
அந்த ஒரே நீர்நாயை வைத்துத்தான் வாதாடுகிறான்.
நீர்நாய் வராத இரவுகளைப் பற்றிப் பேச்சில்லை.

நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்.
வாசல் பலகையின் இரண்டு பக்கங்களையும் எழுதியது
நான்தான்.

நேற்று இரவு பத்தேகால்.
இங்கே ஜூலையில் பத்தேகாலும் சாயங்காலம்தான்.
சொட்டச் சொட்ட ஒரு சைக்கிள்,
பிடித்துக்கொண்டு யெல்மர் என்றொரு பையன்,
குரோனிங்கன் ஊர்க்காரன்.
பெயருக்கும் முன்னால்
"பதிவு இல்லை" என்றான்,
குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.
முப்பத்தோரு இடங்களிலும் ஆள்.
பதினேழில் மட்டும் வெறும் புல்.
வராதவர் இடத்தை மறுநாள் நண்பகல்வரை
வைத்திருக்க வேண்டும் என்பது விதி.
தலைவிதி இல்லை, என் கையெழுத்து.
திருமதி ஹெஸ்கெத்தின் கைபேசி
மணியடித்து மணியடித்து ஓய்ந்தது.
ருவரி கதவில் சாய்ந்து என்னையே பார்த்தான்,
முகம் முழுக்க அந்த நீர்நாய்.

பதினேழை நான் கொடுக்கவில்லை.

எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழே
உருளைக்கிழங்குப் பாத்திக்கும் விறகு அடுக்குக்கும் நடுவில்
ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவு நிலம்.
எண் கிடையாது. வரைபடத்தில் கிடையாது.
எந்த ஜனவரியும் அதைக் கண்டதில்லை.
"எவ்வளவு?" என்று பணப்பையை எடுத்தான்.
இதுவரை யோசித்ததில்லை என்றேன்.
சூப் மிச்சமிருந்தது.

ஒரு மணிக்கு ஒரு கார் உறுமி அடங்கியது.
வழியில் டயர் வெடித்ததாம்.
இருட்டில் பதினேழாம் எண்ணில்
முளை அடிக்கும் ஓசை. எட்டு முளைகள். எண்ணினேன்.
அப்புறம்தான் தூங்கினேன்.

காலையில் பால் வாங்க வந்த திருமதி ஹெஸ்கெத்
ஜன்னலுக்குக் கீழே
பச்சைக் கூடாரத்தை நெடுநேரம் பார்த்தார்.
கண்ணாலேயே அளந்தார்.
குழாய் ஆறே எட்டு. காற்று துளி இல்லை.
கடல், ஒரு மூலை விடாமல்.

"இந்த இடத்துக்கு" என்றார் மெதுவாக,
"பதிவு எப்போது திறக்கும்?"

உள்ளே ருவரிக்குத்
தேநீர் புரையேறியது.