இயக்குபவர் எழுப்பிய ஒலி

ஆட்டத்துக்கு முன் கருவியின் காதில்
ஒரு சின்ன உருளையைப் பொருத்துவேன். அது கூவும்.
தொண்ணூற்று நான்கு என்று திரை காட்டினால்
அன்றைக்கு அதை நம்பலாம்.

டர்பன் நகராட்சியில் என் வேலை இதுதான்.
சர்க்கரை ஆலைச் சங்கு, கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர்,
ஃபீனிக்ஸில் ஒருவர் வீட்டுச் சேவல்.
இந்தச் சனிக்கிழமை, சாட்ஸ்வொர்த்தில் கால்பந்து.
மைதானத்துக்குப் பின்தெரு நர்ஸ் ஒருத்தி புகார் கொடுத்திருந்தாள்,
இரவுப் பணி முடிந்து பகலில் தூங்க முடியவில்லையாம்.
காரணம் என்ற கட்டத்தில்
வுவுசெலா என்று மட்டும் எழுதியிருந்தாள்.

முக்காலியை நாலடி உயரத்தில் நிறுத்தி
மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி போட்டேன்,
காற்றையும் பேச்சென்று எண்ணிவிடாதிருக்க.
இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள். அத்தான் தேவகரன்
மடியில் பன்னி சௌ, குழம்பு முழங்கை வரை.
எதிரே உம்லாசியிலிருந்து நாலு பஸ் நிறைய.

வுவுசெலா நூற்றொன்று.
கன்றைத் தேடும் நூறு மாடு.
அதில் யாரும் யாரையும் வையவில்லை.

இருபத்தேழாம் நிமிடம் எதிர்ப்பக்கம் தொடங்கியது,
கைதட்டலோடு: கூலி, கூலி.
தொண்ணூற்றெட்டு.
எங்கள் சொல்தான். உழைத்த பின் கையில் விழுவது.
கப்பலேறி வந்து, பதிவேட்டில் பெயருக்கு முன்னால் உட்கார்ந்து,
இப்போது புல்தரையைக் கடந்து
எங்களிடமே திரும்பி வருகிறது.
தேவகரன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

பிறகு நாங்கள்.
அவர்களுடைய கோல்கீப்பர் லுங்கிசானியின் முதுகைப் பார்த்து.
நாங்கள் சொன்னதை எழுதமாட்டேன்.
இரண்டு அசை. நேர், நேர்.
அவர்கள் சொல்லும் அதே தேமா,
அதே கைதட்டலில் அப்படியே உட்கார்ந்தது.
நூற்று நான்கு.

தேவாரத்தை ஆங்கில எழுத்தில் பார்த்துப் பாடுகிறவர்கள்,
ழகரம் வராத வாய்கள்,
எங்கிருந்தோ வாங்கிய அந்தச் சொல்லை
ஒரு பிசிறில்லாமல் சொன்னோம்.
சொன்னார்கள் என்று எழுதத்தான் நினைத்தேன்.
தோளில் மகளை வைத்திருந்தவர்
அவள் கைகளைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.
அவள் சிரித்தாள்.

கடைசியில் எங்களுக்கு ஒரு பெனால்டி.
எல்லோரும் வாயை மூடினோம்.
அறுபத்திரண்டு.
சாலையில் ஒரு டாக்ஸியின் ஹாரன் கேட்டது,
அவன் கையுறைகளை ஒன்றோடொன்று அடிப்பது கேட்டது.
பிடித்துவிட்டான்.
பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி
சில்லறை எண்ணுகிற கடைக்காரர் மாதிரி
முகம் முகமாகப் பார்த்தான்.
என் நகராட்சிச் சட்டையையும்
விட்டுவிடவில்லை.

"மீட்டர்ல யாருக்கு ஜாஸ்தி?"
கார் நிறுத்துமிடத்தில் தேவகரன் கேட்டார்.
நமக்குத்தான், என்றேன்.
அது போதும், என்று சாவியைச் சுழற்றினார்.

படிவத்தில் சத்தத்தின் தன்மைக்கு மூன்று கட்டங்கள்:
தொடர்ச்சி, விட்டுவிட்டு, திடீர்.
விட்டுவிட்டு என்று குறித்தேன்.

திங்கட்கிழமை பதிவைப் போட்டுக் கேட்டேன்.
நூற்று நான்கின் அடியில், மிகப் பக்கத்தில்,
தட். தட்.
முக்காலியிலிருந்து இரண்டடி தள்ளி
சிமென்ட் தரையில் ரப்பர் பூட்ஸ்.
வாயைத் திறக்கவில்லை நான், அது சத்தியம்.
கால் யாரையும் கேட்கவில்லை.

கடைசிக் கேள்வி:
இயக்குபவர் எழுப்பிய ஒலி, உண்டா, இல்லையா.
உண்டென்றால் அளவீடு செல்லாது.

உருளையை மறுபடி பொருத்திப் பார்த்தேன்.
தொண்ணூற்று நான்கு. கருவியில் கோளாறில்லை.

அடுத்த சனிக்கிழமை திரும்பவும் அளக்க வருவதாக
நர்ஸுக்கு எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டேன்.