புளியங்கொட்டை அளவு

இரவு பதினொன்றரை. விருதம்பட்டு.
மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றி விடுகிறது.
சமையல் மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில்
மூன்று ஹார்ட் டிஸ்க்குகள்.
மூன்றின் நெற்றியிலும் ஒரே எழுத்து: ஒரு டெராபைட்.
திரை நான்காவது முறையாகச் சொல்கிறது:
பாரிட்டி டிஸ்க் சிறியது, தொடர முடியாது.

கேபிளை மாற்றினேன்.
சொருகிய துளையை மாற்றினேன்.
தண்ணீர் குடிக்க எழுந்து வந்த ஜெசிந்தா
"ஊதிப் பாத்தியா?" என்றாள்.
ஊதியும் பார்த்தேன்.

பெரிய சொத்தெல்லாம் இல்லை இதில்.
ஏழு வருஷமாக, வேலைக்குப் போகும் காலைகளில்
பேருந்து ஜன்னல் வழியே
பாலாற்றுப் பாலம் கடக்கும் ஒரு நிமிஷம்.
ஆயிரத்து அறுநூற்று நாற்பது நிமிஷங்கள்.
மணல். மணல் அள்ளிய குழி. குழியில் எருமை.
எருமை போன பிறகு குழி.
நடுவில் ஒரு நவம்பரில் மட்டும்
பதினோரு நாள்
கரை தொட்டுத் தண்ணீர்.
கண்டக்டர் சில்லறை கொடுக்க மறந்தார்,
யாரும் கேட்கவில்லை.
அந்தப் பதினோரு நிமிஷத்துக்குத்தான் இந்தக் காவல்.

காவல் என்றால் எளிய கணக்கு.
இதில் ஒன்று, அதில் ஒன்று, இரட்டை: எழுது பூஜ்யம்.
இதில் ஒன்று, அதில் பூஜ்யம், ஒற்றை: எழுது ஒன்று.
இப்படியே கடைசி மூலை வரை.
நாளை ஒன்று செத்தால்
மிச்சம் இரண்டும் கூடி உட்கார்ந்து
செத்தது என்ன வைத்திருந்தது என்று சொல்லிவிடும்.
ஆனால் காப்பவன் கை
காக்கப்படுகிறவனைவிடக் குட்டையாக இருக்கக் கூடாது.

லேபிளை நம்பாமல் முழு எண்ணைக் கேட்டேன்.

1953525168
1953525168
1953523055

இரண்டாயிரத்து நூற்றுப் பதின்மூன்று செக்டார் குறைகிறது.
ஒரு மெகாபைட், கொஞ்சம் கூட.
ஒரு டன் புளியில் ஒரு கொட்டை.
அதற்கு இவ்வளவு ரோஷம்.

மூன்றாவது, ஆபீசர்ஸ் லைனில்
இல்லியாஸ் கடையில் வாங்கிய பழைய சரக்கு.
நள்ளிரவில் செய்தி அனுப்பினால்
உடனே குரல்பதிவு:
"ராணிப்பேட்டை தோல் கம்பெனி மிஷின்ல இருந்ததுக்கா.
அந்த மதர்போர்டுக்கு ஒரு கெட்ட பழக்கம்.
தனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னான்னு
தன் பயாஸை ஒரு காப்பி எடுத்து
டிஸ்க்கோட வால்ல ஒளிச்சு வச்சுட்டு
அந்த இடமே இல்லன்னு சாதிச்சிடும்."

சிரித்தேன்.
பிறகு இன்னொரு தரம் கேட்டேன்.
சாகப் பயந்திருக்கிறது அது.
தோலும் சுண்ணாம்பும் நாறும் ஏதோ அறையில்
யாரையும் கேட்காமல்
அடுத்தவன் இடத்தின் ஓரத்தில்
தன்னைக் கொஞ்சம் நட்டு வைத்திருக்கிறது.
போர்டு எங்கே உடைபட்டதோ.

ஒரு கட்டளையில் அந்தச் சுவரை இடிக்கலாம்.
எண் தயார், விரலும் தயார்.
இடிக்கவில்லை. இரக்கம் என்று நினைக்க வேண்டாம்:
இந்த நேரத்துக்குக் கண் சொருகும்,
வேறு டிஸ்க்கின் பெயரை அடித்துவிட்டால்
ஆறே போய்விடும்.

வேலையை மட்டும் மாற்றிக் கொடுத்தேன்.
குட்டையானது இனி சுமக்கட்டும்,
முழுசானது காவலுக்கு.
பழைய யுஎஸ்பி வழியாக
ஆறு மணி நேரம் ஆறு இடம் மாறியது.
இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போய்
யுபிஎஸ் கத்தியபோது
நானும் ஜெசிந்தாவும் மூச்சுவிடவில்லை.
எட்டு நிமிஷம். வந்துவிட்டது.

காலை எட்டேகாலுக்குக் கிளம்பும்போது
பாரிட்டி நாற்பத்தொரு சதவீதம்.
திரையை அணைத்து, மேலே ஒரு துணி போட்டு
மிக்ஸியைத் தொடாதே என்று சொல்லிவிட்டு ஓடினேன்.
ஜன்னல் சீட் கிடைக்கவில்லை.
யாரோ ஒருவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி எடுத்தேன்.
ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்று:
பாதி மணல்,
பாதி அவர் காது.