பெண்கள் பெட்டி

பேஸ்ட் மூன்று மாற்றியாயிற்று.
இப்போது உப்புதான், அதுவும் விரல் நுனியில்.
எழுவதற்கு முன் இரண்டு ரஸ்க்,
படுத்தபடியே.
தலையணையெல்லாம் துகள்.
எறும்புகளுக்குத்தான் முதலில் சேதி தெரிந்தது.

குக்கர் வைத்தால்
இளமாறன் கதவுகளைச் சாத்துகிறான்,
வாசனைக்குத் தாழ்ப்பாள் போட முடியும் என்பது போல.
பக்கத்து ஃப்ளாட்டில் பெருங்காயம் பொரிகிறது.
வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்கிறேன்.
வருவது வெறும் மஞ்சள் தண்ணீர்.

டாக்டர் சொன்னார்:
ஹார்மோன் ஏறுகிறது, பயப்படாதே.
கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு,
காலி வயிறுதான் எதிரி.
தண்ணீரே தங்கவில்லையென்றால் உடனே வா.
மசக்கை என்று அவர் சொல்லவில்லை.
அந்த வார்த்தையைக் கேட்டால்
யாரோ சாய்ந்து உட்கார்ந்து மாங்காய் கேட்பது போலிருக்கிறது.
எனக்கு மாங்காய் வேண்டாம்.
வாசனையே இல்லாத ஓர் ஊர் வேண்டும்.

சென்னை அந்த ஊர் இல்லை.
குரோம்பேட்டைப் படிக்கட்டில் மூத்திரம்.
பல்லாவரத்தில் தோல்.
கிண்டி தாண்டினால்
ஜன்னலை மூடினாலும் அடையாறு.

7.52.
கைப்பையில் பழைய பிரெட் கவர், நான்காக மடித்து.
முன்னால் நின்றவள் பின்னலில்
ஒரு முழம் மல்லி.
போன மாதம்வரை நானும் வாங்கியதுதான்.
இன்று ஊசி போல மூக்கில் ஏறுகிறது.
முகத்தைத் திருப்ப இடமில்லை.
கவரைப் பிரித்தேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஹேர்பின்னை உருவினாள்,
பூவைச் சுருட்டிப் பைக்குள் திணித்து
ஜிப்பை இழுத்தாள்.
ஜன்னலோரத்தில் தூங்கியவளின் தோளைத் தட்டி,
'கொஞ்சம் எடம் குடும்மா.'

பிறகுதான் கேட்டாள்,
'எத்தனை வாரம்?'
அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.
'ஒன்பது.'
'பதினாலுல விட்டுரும்னு சொல்வாங்க.'
அடையாறு வந்தது. மூச்சை அடக்கினேன்.
'எனக்கு விடல. லேபர் வார்டு வரைக்கும் வாந்திதான்.
இப்ப எட்டாவது படிக்கிறான்.
தட்டுல ஒரு இட்லி மிச்சம் வைக்க மாட்டான்.'

சிரித்தேன்.
சிரிப்போடு மற்றதும் வந்துவிட்டது.
கவரை அவளும் பிடித்துக்கொண்டாள்
என் கையோடு சேர்த்து.

மாம்பலத்தில் இறங்கிப் போனாள்.
பெயர் கேட்கவில்லை.
பூ இல்லாத பின்னல் ஒன்று
கூட்டத்தில் கொஞ்ச தூரம் தெரிந்தது.

நுங்கம்பாக்கத்தில்
கவரை முடிச்சுப் போட்டுத் தொட்டியில் எறிந்தேன்.
பசித்தது.
பைக்குள் ரஸ்க் ஒன்று உடைந்து கிடந்தது.
படியேறும் முன்
ஆட்கள் இடித்துப் போக
நின்றபடி தின்றேன், துகளையும் விடாமல்.