மேல்பாதி

கீழ்ப்பாதிக்கு ஒன்றும் ஆகவில்லை.
பச்சை நூல் சுற்றிய பிடி,
கருங்காலி நிற அடிக்கட்டை,
தலையில் நீட்டி நிற்கும் மரையாணி, எல்லாம் அப்படியே.
மேல்பாதியின் மேல்தான்
மீனும் ஐஸும் ஏற்றிய முச்சக்கர வண்டி ஏறியது,
சேஜி சந்தை வாசலில்,
நான் பார்த்துக்கொண்டு நிற்கையிலேயே.

புதிய மேல்பாதி மியாவடி வழியாக
மோல்மேன் வந்துசேர மூன்று மாதம்.
பாதையை மூடினார்கள், திறந்தார்கள், மூடினார்கள்.
பெட்டியின் மேல் சகாயமேரியை யாரோ
மா சா காய் ஆக்கியிருந்தார்கள்.
கையெழுத்துப் போட்டு வாங்கினேன், அந்தப் பெயரிலேயே.
மேப்பிள் மரம். பால்பல் நிறம்.
மோந்து பார்த்தேன்: கொஞ்சம் மெழுகு, அவ்வளவுதான்.

மரை சேர்ந்தது. அதுவே பெரிய விஷயம்.
அங்குலத்துக்குப் பத்துச் சுற்று, இங்கும் பத்து, அங்கும் பத்து.
இணைப்பின் பின்னால் டார்ச் அடித்தேன்.
ஒளி கசியவில்லை.
ஆனால் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால்
டக்.
ஒரு படி.
மயிரிழைதான்,
புதியது பழையதைவிட அத்தனை பருமன்.

"அங்க யாரு கை வைக்கப் போறா?" என்றான் செய்யது.
"முன்கை நுனியில, பின்கை பிடியில.
நடுவுல இருக்கறது ஒனக்கு எதுக்கு?"
துடைக்கும் துணி அங்கே மாட்டும் என்றேன்.
ஒவ்வொரு முறையும் மாட்டும்.
சிரித்தான். என் டீயையும் குடித்தான்.

கோ பியோவின் கடைசல் பட்டறை.
கரண்ட் பதினொன்றுக்கு வரும் என்றார்கள்.
பதினொன்று நாற்பதுக்கு வந்தது.
தெருவில் எல்லாத் தண்ணீர் மோட்டாரும் ஒன்றாக அலற,
யார் வீட்டிலோ மாலையில் அறுந்துபோன பாட்டு
அறுந்த இடத்திலிருந்தே ஆரம்பித்தது.

அடிக்கட்டைக்குக் காகித டேப் சுற்றி
இரண்டையும் முடுக்கி
ஒரே கோலாகக் கடைசலில் ஏற்றினார் கோ பியோ.
ஏற்றிவிட்டு நிறுத்தினார்.
"இதைத் தேய்த்துவிட்டால்
வேறெந்த அடிக்கட்டைக்கும் இது பொருந்தாது.
யோசித்துச் சொல். கரண்ட் மூன்று மணிவரைதான்."

யோசிக்கவில்லை.
நானூறாம் நம்பர் உப்புத்தாள், பிறகு அறுநூறு,
பிறகு ஆயிரம், ஈரம் தொட்டு.
அவர் புருவத்தில் மாவு. என் முழங்காலில் மாவு.
நகத்தை வைத்து இழுத்தேன்.
நகம் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை, டோ சானின் ஹால்.
ஒன்பதாம் நம்பர் பந்து, மூலைப்பைக்கு நேர்வழி,
பால்குடிப் பிள்ளையும் போட்டுவிடும்.
இரண்டு விரற்கடை இடப்பக்கம் போய் முட்டியது.
மறுபடி. இடப்பக்கம்.
குனிந்து, மூச்சை நிறுத்தி, மறுபடி.
இடப்பக்கம்.

பையில் இருந்தது, எறிய மனம் வராத பழைய துண்டு.
கண்ணாடி மேசையில் உருட்டினேன்.
நொண்டியது.
"வண்டி ஏறுனதுல வளைஞ்சிருக்கும்" என்றான் செய்யது.
இருக்கலாம்.
பதினோரு வருடமும் அது வலப்பக்கம் இழுக்க
நான் அறியாமல் இடப்பக்கம் குறிவைத்தும் இருக்கலாம்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள்.
எனக்குக் கூடம் மெய்யாகவே கோணல்.
அந்தக் கோணலில்தான் ஆடக் கற்றேன்,
அந்தக் கோணலில்தான் செய்யதைத் தோற்கடித்து
இரண்டு மாத வாடகை கட்டினேன்.
இப்போது காசு கொடுத்துக் கூடத்தை நிமிர்த்தியாயிற்று.
கால் மட்டும் பழைய கால்.

மூன்று ஆட்டம் தோற்றேன்.
நாலாவதில், என் முறை வந்தபோது, கரண்ட் போனது.
டோ சான் ஜெனரேட்டர் கயிற்றை இழுத்து
இழுத்து
திட்டிக்கொண்டிருந்தார்.
போதும், கழற்றி உறையில் போடலாம் என்று
இருட்டில் இணைப்பைத் தடவினேன்.
மேலே போனேன், கீழே வந்தேன்,
நகத்தால் இழுத்துப் பார்த்தேன்.
எங்கே பிடித்துத் திருகுவது?
செய்யது ஏதோ கேட்டான்.
இரு என்றேன்.