ஐம்பத்தெட்டாம் ஆண்டு இரும்பு

பொனற்றைத் திறந்தால் உள்ளே ஜப்பான்காரன்.
எழுபத்துநாலில், ஓர் ஆணிகூடக் கப்பலேறி வராத காலத்தில்
யாரோ ஒரு டட்சனை அறுத்து
இந்தச் சிவப்பு எம்.ஜீ.க்குள் இறக்கியிருக்கிறான்.
தாங்கிகள் வெட்டி ஒட்டியவை.
காற்றாடி ரேடியேற்றரை உரசாமலிருக்க ஒரு மரத்துண்டு.
ஒரு நாளும் என்னை நடுத்தெருவில் விட்டதில்லை.
அதுதான் பிரச்சினை என்று
விமலதாச பாஸுக்கு எப்படிச் சொல்வேன்?
"நல்லா ஓடுற சாமானை ஏன் மாத்தயா கழற்றுறது?"

பஞ்சிகாவத்தையில் வெயிலும் கிரீஸ் மணக்கும்.
"அந்த பிளொக் மொரிஸ் ஒக்ஸ்போட்டுலயும் வந்தது தம்பி,
எடுங்க. இலக்கத்த நான் தாரேன்,"
நவ்பர் நானா மைலோ டின்னைக் கவிழ்த்தார்:
உருக்கு அச்சுகள், பூச்சியத்திலிருந்து எட்டு வரை.
ஒன்பது தொலைந்து இருபது வருசமாம்.
ஆறைத் தலைகீழாய்ப் பிடித்து அடித்தால் போதுமாம்.
ஊரில் பாதி வாகனம் அப்படித்தான் ஓடுதாம்.

நாரஹேன்பிட்டிக் கோப்பில்
முதல் இலக்கத்தின்மேல் சிவப்பு மைக் கோடு,
அடிமட்டம் வைத்துக் கீறியது.
கழற்றியது எங்கே போனதென்று எழுத
படிவத்தில் இடமே இல்லை.
சரி, அது கிடைக்காது.
அதனோடு ஒரே வகுப்பில் படித்த ஒன்று போதும் எனக்கு.

"ஐம்பத்தெட்டு வேணும்" என்றேன் அம்மாவிடம்.
டீவியின் சத்தத்தைக் குறைத்தார்.
எங்கள் வீட்டில் ஐம்பத்தெட்டு என்றால்
கார் அல்ல.
அம்மாவுக்கு ஆறு வயது. துறைமுகம். யாழ்ப்பாணம் போகும் கப்பல்.
பெரியக்காவின் மடியில், சேலை சுற்றிய
தையல் மெஷினின் தலை.
கால் பம்பலப்பிட்டி வீட்டோடு போயிற்று.
"பிறகு சுன்னாகத்தில வேறொரு கால் வாங்கிப் பூட்டினது.
பொருந்தினது. தைச்சது.
சத்தம்தான் வேற வீட்டுச் சத்தம்."
டீவியைக் கூட்டினார்.

நீர்கொழும்பில் ஒன்று: வெடித்த பிளொக்.
தெஹிவளையில் ஒன்று: அறுபத்திரண்டு,
நாலு வருடம் பிந்திப் பிறந்த குற்றம்.
கடைசியில் மட்டக்குளியில்,
களனி கடலுக்குள் விழப்போகும் இடத்தில்
மர்சலின் அண்ணனின் மணல் தோணி.
தார் பூசிய பலகைப் பெட்டிக்குள்
மண்ணெண்ணெய் குடித்து இருமிக்கொண்டிருந்தது அது.
எச்சில் தொட்டுத் தகட்டைத் துடைத்தேன்.
எழுத்துகள் சரி. இலக்கம்
என்னுடையதற்கு இருநூற்றுப் பதினேழு பின்னால்.
விலை கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்:
"உங்கட வண்டிக்குள்ள இருக்கிறது என்ன?"
"டட்சன்."
கலியாண வீட்டிலும் நான் அப்படியொரு முகம் கண்டதில்லை.

ஒரே ஞாயிறு, இரண்டு அறுவை.
விமலதாச பாஸ் சேற்றில் ஒரு கால், கரையில் ஒரு கால்,
யாருக்குப் பைத்தியம் என்று கடைசி வரை முடிவு செய்யாமல்.

இப்போது கார் எண்ணெய் ஒழுக்குகிறது.
சூடேறினால் ஆறு மணக்கிறது.
தோணி, கேள்விப்பட்டேன், ஒரு நாளும் நிற்பதில்லை.
நவ்பர் நானா டின்னோடு பார்க்க வந்தார்;
தகட்டைக் கையால் பொத்திக்கொண்டேன்.
'மாற்றத்துக்கான காரணம்': ஒரு விரல் நீளப் பெட்டி.
முந்தியது நன்றாக ஓடியது, என்று எழுதிக் கொடுத்தேன்.
வாசிக்காமலே முத்திரை குத்தினார்கள்.

அம்மா ஒருமுறை ஏறினார், காலிமுகம் வரை.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும் திருப்பத்தில்
"இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்" என்றார்.
எங்கே கேட்டது என்று
நான் கேட்கவில்லை.
கியரை மாற்றினேன்.