நாக்கை விட்டுவிட்டான்

சசூன் டாக், காலை நாலே முக்கால்.
சுனந்தாபாய் கூடையைக் கவிழ்க்கிறாள்: லேப்.
தரையில் பூசிவிட்ட மாதிரி இல்லையா, என்கிறாள்.
ஐஸ் உடைக்கும் ஜோஸ்குட்டிக்கு அது மாந்தள்;
பெயரோடு குடம்புளியையும் சேர்த்தே சொல்வான்.
கணக்கு எழுதும் பிஸ்வாஸ் ஊரில் நாய்நாக்கு,
முகம் சுளிக்காமல் இரண்டு துண்டு கேட்பார்.
நான் ஏற்றுமதிப் படிவத்தில் 'சோல்' என்று அடிக்கிறேன்.
சோல் என்றால் செருப்பு.
ரோமாபுரிக்காரன் குனிந்து தன் காலைப் பார்த்திருக்கிறான்.

காலில் பார்த்தவன் ஒருவன், வாயில் பார்த்தவன் ஒருவன்.
மீனுக்கு என்ன,
வெள்ளைப் பக்கத்தைச் சேற்றில் வைத்துப் படுத்திருக்கிறது.

நேற்று ராட்டர்டாமிலிருந்து கடிதம்:
நாற்பத்தொன்றாம் பெட்டியில் இருப்பது சோல் அல்ல,
பெயரை மாற்று, இல்லையேல் சரக்கு திரும்பும்.
திறந்து பார்த்தேன். தடித்த மீன், வாய் நிறையப் பல்.
ஒரு கண் இந்தப் பக்கம். மற்றது
முதுகின் விளிம்புவரை ஏறி
தாண்டவா வேண்டாமா என்று
அங்கேயே நின்றுவிட்டது.

வடாலா வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கைபேசியில் அதன் லத்தீன் பெயரைத் தேடினேன்.
செட்டோடெஸ் எருமெய்.
எருமெய்?
இரண்டு முறை மனசுக்குள், மூன்றாவது முறை வாய்விட்டு.
பக்கத்துப் பெண் தன் பையை நகர்த்திக்கொண்டாள்.

தரங்கம்பாடிக் கரையில் எவனோ ஒருவன்
'எருமை நாக்கு' என்று சொல்லியிருப்பான்,
சொல்லிவிட்டு வலையை உதறப் போயிருப்பான்.
மை தொட்டு எழுதிய வெள்ளைக்காரன்
எருமையை மட்டும் ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.
நாக்கை விட்டுவிட்டான்.

இன்று காலை அறுநூற்றுப் பன்னிரண்டு சீட்டு அடித்தேன்.
பொதுப்பெயர்: ஹாலிபட்.
நோன்பு நாளில் தின்கிற மீனாம், வேறெங்கோ, வேறு சாமிக்கு.
பசை காய்வதற்குள் ஒட்டவேண்டும்.
ஐஸ் ஈரத்தில் ஒன்றிரண்டு உரிந்து விழுந்தன,
அதையும் மீண்டும் ஒட்டினேன்.

உன் பாஷையில் என்ன, என்றாள் சுனந்தாபாய்.
கடை மூடுகிற நேரம், கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
சொன்னேன். மராத்தியில் எருமை, மராத்தியில் நாக்கு.
வெற்றிலைச் சிவப்போடு
தன் நாக்கை முழுசாக வெளியே நீட்டி
அதைத் தானே பார்க்க முயன்றாள்.

இரண்டு கண்ணும் ஒரு பக்கமாக வந்தன.